யார் ஊட்டுச் சக்கரை?

பாசத்துக்குரிய என் அண்ணாவுக்கு,

நீங்க தாத்தா ஆயிட்டீங்க. நம்ம நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். குழந்தைக்கு உங்கள் மூக்கு என்று அண்ணி சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரி மூக்குதான். ஆனால் அண்ணி சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். அடுத்து நான் சொல்லப்போவது, நித்யாவுக்குச் சக்கரை வந்த கதை. எடுத்ததும் அதைச் சொன்னால் நீங்க பதறிப்போவீங்க என்றுதான் குழந்தையை முன்னால் நிறுத்தினேன்.

நித்யாவைச் சோமனூரில் கட்டிக்கொடுத்தோம். நீங்க போன மறு வருஷம். விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை கார்த்தி தறியைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அப்பா இல்லை. அம்மாதான் ஊட்டையும் பார்த்து, தறிக்கு ஆள் வராத நாளில் ஊடைக்கு நூல் சுற்றித் தார் போட்டுக்கொண்டும் இருப்பவர். கறாரான பொம்பளை. நித்யாமேல் பாசம் உண்டு, ஆனால் அதைச் சொல்லத் தெரியாது. நீங்க இருந்திருந்தால் உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

பொண்ணு பார்க்க வந்தபோது, "அப்பா எதுல தவறிப்போனாருங்க?" என்று கேட்டார்கள். நம்ம பெரியப்பா, "ஹார்ட் அட்டாக்குங்க" என்றார். அது பொய் இல்லை. அவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை. பேச்சு அப்படியே மண்டபம், சமையல் என்று போய்விட்டது.

நித்யாவுக்கு ஆறாவது மாசம் நடக்கும்போது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதானாம். அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தியம்மா அண்ணிக்குப் போன் போட்டார். நான் அப்போதுதான் பனியன் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, அண்ணி ஊட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, புள்ளைக்குச் சக்கரைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க. எங்க ஊட்டுல ஆருக்கும் இல்லீங்க. உங்க ஊட்டுல இருந்துச்சுங்களா? கண்ணாலத்தப்ப ஒரு வார்த்த சொல்லலீங்களே."

அண்ணி போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"எங்கண்ணனுக்கு இருந்துச்சுங்க" என்றேன்.

"ஹார்ட் அட்டாக்குன்னு சொன்னீங்க?"

"அதுவும் நெசந்தானுங்க. சக்கரை இருந்துதான் அட்டாக் வந்துச்சு."

அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "செரிங்க, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அண்ணி அடுப்பை அணைத்தார். "நான் ஆக்கிப் போட்டதுதான் மல்லிகா. அவருக்கும் அதேதான், இவளுக்கும் அதேதான்" என்றார். அழவெல்லாம் இல்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாது அண்ணா. உங்களை நடு ஊட்டில் கிடத்தியிருந்தபோது வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்த வருஷம் பழனிக்கு நடக்காமல் விட்டதுதான் என்றார் ஒருத்தர். கம்பெனி டீதான் என்றார் இன்னொருத்தர். பெரியம்மா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மூணு வேளையும் சோத்தக் கொட்டுனா சக்கரை வராம என்ன வரும்? கட்டுனவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அண்ணி உங்கள் காலைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு உள்ளே போன வார்த்தை, இத்தனை நாளும் அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

உங்களுக்குச் சக்கரை என்று தெரிய வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நித்யா பத்தாவது படித்த வருஷம். கோயில் நோம்பிக்குத் துணி எடுக்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தோம், நீங்களும் நானும். நல்ல வெயில். பின்னால் இருந்து ஒரு கடைக்காரர், "அண்ணா, உங்க செருப்பு இங்க கெடக்குது" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் உங்கள் இடது காலில் செருப்பு இல்லை. அது எங்கேயோ கழன்று விழுந்து, நீங்க பாட்டுக்குக் கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து வந்திருக்கீங்க. உள்ளங்கால் வெந்து தோல் உப்பியிருந்தது. "வலிக்கலியாண்ணா?" என்றேன். "ஒண்ணும் தெரியல அம்மிணி" என்று சிரிச்சீங்க.

நானும் சிரித்தேன். நாலு வாரமாகியும் அந்தப் புண் ஆறவில்லை என்ற பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தம் பார்த்தவர், இது நேற்று முந்தாநாள் வந்த சக்கரை இல்லை, கால் மரத்துப்போகிற அளவுக்கு வருஷக்கணக்காக உடம்பில் இருந்திருக்கிறது என்றார்.

"நான் இனிப்பே தொடறதில்லீங்களே" என்று அவரிடம் சண்டைக்குப் போற மாதிரிக் கேட்டீங்க. அது உண்மைதான். தீபாவளிக்குக்கூட லட்டை வாயில் வைக்க மாட்டீங்க. முறுக்கும் மிச்சருமாகத் தேடுவீங்க. இனிப்பு டப்பாவைக் காலி பண்ணுகிறவள் நான். உடம்பு கனத்தவளும் நான். "அம்மிணிக்குத்தான் மொதல்ல சக்கரை வரும்" என்று சின்ன வயசில் இருந்து நம் ஊட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்கே அதில் ஒரு சந்தேகம் இல்லாமல் போயிருந்தது. வந்தது உங்களுக்கு. குச்சி மாதிரி இருந்த உங்களுக்கு. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்தோம். ஏன் உங்களுக்கு? இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நித்யா கதைக்கு வருகிறேன்.

சக்கரை என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா தன் வழியில் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். சோறு அடியோடு கிடையாது. பழம் கிடையாது. காலையில் பாகற்காய்ச் சாறு. வயிற்றுப் பிள்ளைக்காரி ராகிக் கூழைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் போன் போட்டு, "அத்த, பசிக்குது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை ஏறவில்லை, கிறுகிறுப்பு வேறு. டாக்டரம்மா கோபப்பட்டு, "ரெண்டு ஊட்டுப் பெரியவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நான், அண்ணி, சம்பந்தியம்மா, நித்யா நாலு பேரும் ஒரு காலை வேளையில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார், எந்த நேரத்திலும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்பது மாதிரி.

சம்பந்தியம்மா சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், இது ஆரு ஊட்டுல இருந்து வந்ததுங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா தென்பக்கத்துக்காரர். நம்மைவிட வயசில் சின்னவர். "அதக் கண்டுபிடிச்சு என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடியில் இருந்து சில சுரப்புகள் வருமாம். அவை தாயின் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. எல்லாத் தாய்க்கும் இப்படித்தான். பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அந்தக் கூடுதல் வராது. அவர்களுக்கு ரத்தத்தில் சக்கரை ஏறிவிடும். "நித்யாவுக்கு நடந்தது அவ்வளவுதான். அவ எதையும் திருடித் தின்னு வரல" என்றார்.

"அந்தக் கூடுதல் இவளுக்கு மட்டும் ஏனுங்க வரல?" என்று நான் கேட்டேன்.

அவர் நித்யாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தீட்டு மாசாமாசம் வருமா? வராது, நீர்க்கட்டி என்று சொல்லியிருந்தார்கள். என்ன வேலை பார்த்தாய்? மெர்ச்சண்டைசர். காலையில் இருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது, துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் பதில் வருகிறவரை முழித்திருப்பது, பசித்தால் பிஸ்கட்டும் பப்ஸும். அந்த வேலையில் இருந்த இரண்டு வருஷத்தில் எடை ஏறியது. அப்பாவுக்கு? சக்கரை. அப்பாவோட அப்பாவுக்கு?

நித்யா என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். நம் அப்பாவுக்குச் சக்கரை என்று யாரும் சொன்னதில்லை. முள் குத்தின புண் ஆறாமல் போய்ச் சேர்ந்தார் என்றுதான் நமக்குத் தெரியும். அதைச் சொன்னேன். கூடவே, கடைசி வருஷம் அப்பா அடிக்கடி ஒண்ணுக்குப் போவார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார் என்பதும் அப்போது ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன்.

"பார்க்கலையே தவிர, இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

முள் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோமே அண்ணா. அது தெரிந்திருந்தால் நீங்க முப்பது வயசிலேயே ஒரு தடவை ரத்தம் பார்த்திருப்பீங்களா? பார்க்கச் சொல்லி நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீங்களா?

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார். வந்ததில் இருந்து அது முதல் பேச்சு.

"எங்க ஊட்டுக்காரருக்கு நான் ஆக்கிப் போட்ட சோத்துனாலதான் வந்துச்சுங்களா?"

டாக்டரம்மா உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி நம்பியிருக்க மாட்டார். "அவர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார்.

அண்ணி சொன்னார். நிட்டிங் மெஷினில் நைட் ஷிப்ட், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. பகலில் தகரக் கூரைக்கடியில் சரியான தூக்கம் கிடையாது. பிறகு துணி வாங்கி அனுப்புகிற பொறுப்புக்கு வந்ததும் நடை போய்விட்டது, பைக்கும் நாற்காலியும்தான். சிகரெட். பிரஷர் இருந்தது, அதற்கும் மாத்திரை ஒழுங்கில்லை. ஷிப்மெண்ட் நேரத்தில் டீயிலேயே உயிர் வாழ்வார்.

"ஆள் எப்படி? குண்டா?"

"இல்லீங்க, ஒல்லிதான்."

"கை கால் ஒல்லி. வயிறு?"

அண்ணி யோசித்தார். "அப்புறமா சித்த தொப்பை வந்துச்சுங்க. பழைய பேண்ட்டெல்லாம் இடுப்புல பத்தல."

"நம்ம ஜனங்களுக்கு அதுதான். பார்க்க ஒல்லியா இருப்பாங்க, கொழுப்பு எல்லாம் வயித்துக்குள்ள இருக்கும். அப்பா வழியில ஏற்கெனவே இருக்கு. வருஷக்கணக்கா ராத்திரி முழிப்பு, சிகரெட், பிரஷர், உக்காந்த வேலை. சோத்துக்கும் ஒரு பங்கு உண்டும்மா, நான் இல்லன்னு சொல்லல. மூணு வேளையும் தட்டு நிறைய வெள்ளச் சோறு, ஓரமா கொஞ்சம் காய்னு சாப்பிட்டா அது சேரத்தான் செய்யும். ஆனா அது எல்லா வீட்டுலயும் நடக்குது. ஒரே ஒரு காரணத்தால வர்ற வியாதி இல்ல இது. உங்க கையால வந்ததும் இல்ல."

அண்ணி தலையை ஆட்டினார். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. ஏன் உங்களுக்கு வந்தது, எனக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேனே. நான் ராத்திரி தூங்கினேன் அண்ணா. நீங்க தூங்கலை. அது மட்டுமே காரணம் இல்லைதான். ஆனால் நான் தூங்கின ராத்திரிகளில் நீங்க மெஷின் முன்னால் நின்று சம்பாதித்ததில்தான் என்னைப் படிக்க வைத்தீங்க என்பதும் சேர்ந்தே ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் யாருக்காவது இருக்காம்மா?"

"இல்லீங்க."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"எப்படியும் வந்துட்டீங்க. மூணு பேருக்கும் விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துடலாம்" என்று நர்ஸைக் கூப்பிட்டார். நான் முதலில் கையை நீட்டினேன். நர்ஸ் சம்பந்தியம்மா பக்கம் போனதும் அவர் எழுந்துவிட்டார். "சித்த வெளிய போயிட்டு வந்தர்றேனுங்க" என்று போனவர் திரும்பி வரவில்லை.

நான் பின்னாலேயே போனேன். மருந்துக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசிக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்து, "ஒண்ணும் வலிக்காதுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு இருக்குதுங்க மல்லிகா. அஞ்சாறு வருசமா மாத்திர திங்கிறேன். கார்த்திக்குக் கூடத் தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணி அந்த உள்ளறையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வயிற்றுப் பிள்ளைக்காரி பசியோடு கிடந்திருக்கிறாள். "அப்புறம் ஏனுங்க எங்க அண்ணியப் போயி அப்படிக் கேட்டீங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலை குனிந்தபடியே சொன்னார். "என்னாலதான் வந்துச்சோன்னு பயமா இருந்துச்சுங்க. என்ற மகன் மூலமா வயித்துல இருக்கற கொழந்தைக்குப் போயிருக்குமோன்னு. உங்க ஊட்டுல இருந்துச்சுன்னு தெரிஞ்சா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறல. கார்த்திக்குக் கீழ ஒரு புள்ள கல்யாணத்துக்கு நிக்கிறா. தாயிக்குச் சக்கரைன்னு வெளிய தெரிஞ்சா ஆரு பொண்ணெடுக்க வருவா?"

மாத்திரையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பாராம். ஊட்டில் யாராவது இருந்தால் எடுக்க முடியாது. அன்றைக்கு மாத்திரை கிடையாது. தறிக்காரர்களுக்கு டீ போடும்போது யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவரும் சக்கரை போட்டே குடிப்பாராம். இத்தனை வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறார் அண்ணா. எனக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள வந்து சொல்லிப்போடுங்க" என்றேன். "அண்ணிக்காகச் சொல்லுங்க."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்தார். கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே, டாக்டரைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும் இருக்குதுங்க. உங்கள நான் கேட்டது தப்புங்க."

அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "உக்காருங்க மொதல்ல" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான். நித்யா மாமியார் பக்கம் திரும்பினாள். "என்ன மாத்திரைங்க அத்த சாப்புடறீங்க? டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றாள். அந்த நேரத்தில் அவள் அப்படியே நீங்கதான். சண்டை போட வேண்டிய இடத்தில் வேலையைப் பார்ப்பீங்களே, அது மாதிரி.

சம்பந்தியம்மாவுக்குச் சக்கரை முந்நூறைத் தாண்டி இருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரையை மாற்றி எழுதினார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "ரெண்டு பக்கமும் இருக்கு. அதனால பொறக்கப்போற பிள்ளைக்குக் கட்டாயம் வரும்னு இல்ல. வர்றதுக்கு இடம் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஓடி விளையாட விடுங்க, போன கையில குடுத்து உக்கார வைக்காதீங்க. இப்ப நித்யாவுக்குச் சோறு போடுங்க. அளவாப் போடுங்க, காயும் பருப்பும் முட்டையும் அதிகமாப் போடுங்க. பட்டினி போடாதீங்க" என்றார்.

அன்றைக்கே சம்பந்தியம்மா மகனிடமும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நேரே கடைக்குப் போய், விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாராம். அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் சாயங்காலம் தறிக்குடோன் தெருவில் ஒட்டுக்கா நடக்க ஆரம்பித்தார்கள். யாராவது கேட்டால், "எனக்குச் சக்கரைங்க, அதான் நடக்கறனுங்க" என்று சம்பந்தியம்மாவே சொல்வாராம். முதல் வாரம் அந்த வார்த்தை வாயில் வர ரொம்பச் சிரமப்பட்டார் என்று நித்யா சொன்னாள். அந்தத் தெருவிலேயே இரண்டு பொம்பளைகள், "எங்களுக்கும் இருக்குதுங்க" என்று கூடச் சேர்ந்துகொண்டார்களாம். அவர்களும் இத்தனை நாளும் வெளியே சொல்லாமல் பொட்டாட்ட இருந்தவர்கள்தான்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டிலும் நடையிலும் மட்டும் நித்யாவுக்குக் கட்டுக்குள் வரவில்லை. கடைசியில் இன்சுலின் போட வேண்டி வந்தது. முதல் ஊசியை அவளே தொடையில் போட்டுக்கொண்டாள். அண்ணி பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். குழந்தை பிறந்ததும் அதன் குதிகாலில் குத்திச் சக்கரை பார்த்தார்கள். தாய்க்குச் சக்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சக்கரை திடீரென்று இறங்கிவிடுமாம். ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இறங்கவில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள்.

குழந்தைக்கு ரெண்டு மாசம் ஆனதும், போன வாரம், நித்யாவுக்கு மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். நார்மல். எல்லாரும் கும்பிட்டோம். ஆனால் இது போன மாதிரி போய், பின்னால் திரும்பி வரக்கூடியதாம். கர்ப்பத்தில் ஒருதரம் வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும். நித்யா மறுபடி வேலைக்குப் போகிறேன் என்கிறாள். போகட்டும். ராத்திரி முழிக்கிற வேலை வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பாளா என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கேட்பீங்க. அன்றைக்கு விரலில் எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. மறுநாள் வெறும் வயிற்றில் முறையாகப் பார்த்தார்கள். "இன்னும் வரல, வர்ற வழியில இருக்கு. இந்த எடத்துல புடிச்சா நிறுத்தலாம்" என்றார் டாக்டரம்மா. இப்போது கம்பெனியில் சக்கரை இல்லாத டீதான் குடிக்கிறேன். செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நிற்கிற பீகார்ப் பெண், "தீதி, பினா சீனி?" என்று, அக்கா சக்கரை இல்லாமலா என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கேட்கிறாள். ஊட்டுக்கு நடந்தே வருகிறேன். மைசூர்பாகு விஷயத்தில் மட்டும் இன்னும் முழுசாக ஜெயிக்கவில்லை. நீங்க இருந்தால் டப்பாவைப் பிடுங்கி வைத்திருப்பீங்க.

ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. நம்பர் இறங்கியதும் நீங்க ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க? "கொறஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு" என்றீங்க. மாத்திரையால்தான் குறைந்தது என்று உங்களுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தும் நோயாளியாக இருக்கப் பிடிக்கவில்லையா? அட்டாக் வந்த அந்த மத்தியானம் கம்பெனியில் உங்களுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வேர்க்கிறது, அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நாற்காலியில் சாய்ந்தீங்களாம். கால் மரத்த மாதிரியே நெஞ்சும் வலியைச் சொல்லாமல் போகுமாம், சக்கரை ரொம்ப வருஷம் இருந்தால். அப்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வலி இல்லாததால் அவசரமும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது?

இன்னும் ஒரு ஆள் பாக்கி. அன்றைக்குச் சம்பந்தியம்மா எழுந்து போன களேபரத்தில் அண்ணிக்கு விரலில் குத்தவே இல்லை. பிறகு எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "நான் வேற ஊட்டுல பொறந்தவ மல்லிகா. எனக்கு எப்படி வரும்?" என்கிறார். பிறந்த வீடு வேறுதான். ஆனால் உங்கள் ஷிப்டுக்கு அவரும் முழித்தார், உங்கள் தட்டுச் சோற்றையே அவரும் சாப்பிட்டார், நீங்க போன பிறகு வெளியே நடப்பதையே விட்டுவிட்டார். இந்த மாசம் ரவிக்கை தோளில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருக்கிறார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே தண்ணீர்ச் சொம்பையும் வைத்துக்கொள்கிறார். அப்பாவும் கடைசியில் இப்படித்தான் சொம்பும் கையுமாக இருந்தார் என்று டாக்டரிடம் சொன்னவள் நான். அதனால் எனக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நேற்று, "எனக்கு ரத்தம் குடுக்கத் தனியாப் போகப் பயமா இருக்குது, கூட வாங்க அண்ணி" என்று கேட்டேன். எனக்காக என்றால் வருவார் என்று தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அண்ணா. என்ன நம்பர் வந்தாலும் பக்கத்தில் நான் இருப்பேன். அது ஏன் வந்தது, யாரால் வந்தது என்று பெரியம்மா உட்பட ஒருத்தரையும் அவர் காதுபடப் பேச விட மாட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்தால் தினமும் என் கண் முன்னால் போடுவார். உங்களுக்குச் செய்து தரக் கிடைக்காததை அண்ணிக்குச் செய்கிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்க கூடப் பிறந்தவள்,
மல்லிகா
ராயபுரம், திருப்பூர்